கஸ்டம்ஸுக்குப் போகும் புகார்: சேலத்துத் துண்டுக்கும் ஏற்காட்டு மிளகுக்கும் என்ன சம்பந்தம்?

அமெரிக்க அரசிதழான ஃபெடரல் ரெஜிஸ்டரில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓர் அறிவிப்பு வரும். சுங்க விதிமீறல்களைப் பொதுமக்கள் தெரிவிக்கும் ‘இ-அலிகேஷன்ஸ்’ முறைக்கான தகவல் சேகரிப்பை நீட்டிக்கப் போகிறோம், கருத்து இருந்தால் 60 நாளுக்குள் சொல்லுங்கள் என்பதுதான் அதன் சாரம். வெளிநாட்டு வாடிக்கையாளரோ ஏஜென்டோ இதை அனுப்பிவைத்தால், துண்டும் படுக்கை விரிப்பும் ஏற்றுமதி செய்கிற சேலத்துக்காரருக்கு இரண்டு சந்தேகம் வரும். இன்னொரு படிவம் நிரப்ப வேண்டுமா? நம் மேல் யாராவது புகார் கொடுத்துவிட்டார்களா?

இரண்டுமே இல்லை. அந்த அறிவிப்பால் ஏற்றுமதியாளர் புதிதாகச் செய்ய வேண்டியது எதுவும் கிடையாது. ஆனால் அது எந்தப் புகார் முறையைப் பற்றிப் பேசுகிறதோ, அதைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம். புகார் ஒன்று போனால் அதன் சூடு கடைசியில் வந்து சேர்வது கொண்டலாம்பட்டியிலோ ஜலகண்டாபுரத்திலோ இருக்கும் தறிக்கூடத்துக்குத்தான். இதே மாதிரி ஒரு வழி நம் நாட்டுச் சுங்கத்திலும் உண்டு. அதைப் பயன்படுத்தக் காரணம் உள்ளவர்கள் சேர்வராயன் மலையில் மிளகு வைத்திருப்பவர்கள். இரண்டு பக்கத்தையும் சேர்த்தே பார்க்கலாம்.

ஒரு படிவத்துக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?

அமெரிக்காவில் 1980-இல் காகித வேலைக் குறைப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது. 1995-இல் அதை விரிவாகத் திருத்தி எழுதினார்கள். எந்த மத்திய அரசுத் துறையும் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட பேரிடம் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்டுத் தகவல் வாங்க வேண்டுமானால், முதலில் வெள்ளை மாளிகையின் கீழுள்ள மேலாண்மை, பட்ஜெட் அலுவலகத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்பது விதி. கேள்வி காகிதத்தில் இருந்தாலும் சரி, இணையத்தில் இருந்தாலும் சரி.

நடைமுறை இப்படிப் போகும்:

1. துறை முதலில் 60 நாள் அறிவிப்பு வெளியிடும். எத்தனை பேர் நிரப்புவார்கள், ஒருவருக்கு எத்தனை நிமிடம் ஆகும், ஆண்டுக்கு மொத்தம் எத்தனை மணிநேரம் என்ற கணக்கு அதில் இருக்க வேண்டும். இதைத்தான் ‘சுமை’ என்கிறார்கள்.

2. வந்த கருத்துகளைப் பார்த்துவிட்டு, பட்ஜெட் அலுவலகத்துக்கு அனுப்பும்போது இன்னொரு 30 நாள் அறிவிப்பு.

3. ஒப்புதல் கிடைத்தால் படிவத்துக்கு ஒரு கட்டுப்பாட்டு எண் வரும். சுங்கத்துறைப் படிவங்களில் அது 1651 என்று தொடங்கும். அதிகபட்சம் மூன்று ஆண்டுதான் செல்லும். அதன் பிறகு முதலிலிருந்து இதே சுற்று.

செல்லுபடியாகும் எண் இல்லாத படிவத்தை நிரப்பவில்லை என்பதற்காக யாரையும் தண்டிக்க முடியாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அதனால்தான் காலாவதியாகும் முன்பே துறைகள் நீட்டிப்புக்கு ஓடுகின்றன. ஆக, அறிவிப்பில் ‘மாற்றமின்றி நீட்டிப்பு’ என்று இருந்தால் அது வழக்கமான புதுப்பித்தல். புதிய விதி என்று நினைக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு சொந்தக் கருத்து: அரசு தன் குடிமக்களின் நேரத்தை நிமிடக் கணக்கில் எழுதிக் காட்ட வேண்டும் என்ற இந்தக் கட்டாயம் நம் ஊரில் இல்லை. மசோதாக்களையும் விதிகளையும் 30 நாள் பொதுப் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014-இல் மத்திய அரசு ஒரு கொள்கை முடிவெடுத்தது. அது கொள்கைதான், சட்டம் ஆகவில்லை. தனித்தனிப் படிவங்களை அது தொடுவதும் இல்லை. ஒரே விவரத்தை நாலு இடத்தில் நிரப்பிச் சலித்தவர்களுக்கு இந்த வித்தியாசம் உறைக்கும்.

புகாரில் என்ன கேட்கிறார்கள்?

இ-அலிகேஷன்ஸ் 2008-இல் தொடங்கியது. நடத்துவது அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறை. படிவம் எளிமையானது: புகார் தருபவரின் பெயர், தொலைபேசி, மின்னஞ்சல், மீறல் என்ன என்ற விவரம், மீறியதாகச் சந்தேகிக்கப்படுபவரின் பெயர், முகவரி. பெயர் சொல்ல விருப்பமில்லாதவர்கள் சொல்லாமலும் கொடுக்கலாம். புகார் கொடுப்பவர் அமெரிக்கராக இருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. போட்டி நிறுவனம், வேலையை விட்டுப் போன கணக்கர், பக்கத்து ஊர் ஏற்றுமதியாளர் என யாராக இருந்தாலும் சரி.

அங்கே மீறல் என்று எடுத்துக்கொள்ளப்படுபவை பெரும்பாலும் இந்த வகைகளில் அடங்கும்:

1. சரக்கின் ஹெச்.எஸ். கோடை (அது எந்த வகைப் பொருள் என்று காட்டும் எண்ணை) மாற்றிக் காட்டிக் குறைந்த வரி கட்டுவது.

2. விலையைக் குறைத்துக் காட்டுவது. இன்வாய்ஸில் ஒரு தொகை, மீதி வேறு வழியில்.

3. சரக்கு உருவான நாட்டை மாற்றிச் சொல்வது. ஒரு நாட்டில் செய்து, இன்னொரு நாட்டின் வழியாக அனுப்பி, அங்கேயே செய்ததுபோல் காட்டுவதும் இதில் சேரும்.

4. பொருள்குவிப்புத் தடுப்பு வரியிலிருந்து (அடிமட்ட விலையில் வந்து குவியும் சரக்கின் மேல் போடும் கூடுதல் வரி) தப்புவது.

5. கட்டாய உழைப்பில் உருவான பொருளை இறக்குமதி செய்வது. 1930-ஆம் ஆண்டு வரிச் சட்டத்தின் 307-ஆம் பிரிவு இதைத் தடுக்கிறது.

6. அடுத்தவர் பிராண்டைப் போலியாகப் போடுவது.

சேலத்துக்கு அதிகம் பொருந்துவது மூன்றாவதும் ஐந்தாவதும். ஐந்தாவது நமக்குத் தூரத்து விஷயம் அல்ல. திண்டுக்கல் பக்கத்து ஆடை நிறுவனம் ஒன்றின் சரக்கை 2022 ஜூலையில் அமெரிக்கச் சுங்கம் இதே காரணத்தைச் சொல்லி நிறுத்தியது. தொழிலாளர் நிலைமையைச் சரிசெய்ததற்கான ஆதாரத்தைப் பார்த்த பிறகு செப்டம்பரில் தடையைத் தளர்த்தியது.

புகார் போன பிறகு

புகார் வந்த உடனே யாரும் கப்பலை நிறுத்துவதில்லை. விவரம் போதுமா, விசாரிக்கத் தகுதி உண்டா என்று முதலில் பார்க்கிறார்கள். உண்டு என்றால் அந்தப் பொருள் வகையைக் கவனிக்கும் நிபுணர்களுக்குப் போகும். அவர்கள் பழைய இறக்குமதிகளைப் புரட்டுவார்கள். அப்புறம் இறக்குமதியாளருக்கு ‘சி.எஃப். 28’ என்ற தகவல் கோரிக்கை போகும். பதில் தர 30 நாள். பதில் திருப்தி இல்லை என்றால் ‘சி.எஃப். 29’ என்ற நடவடிக்கை அறிவிப்பு.

சேலத்தில் இது எப்படித் தெரியவரும்? அங்கிருந்து சுங்க அதிகாரி கூப்பிட மாட்டார். நியூயார்க்கிலோ அட்லாண்டாவிலோ இருக்கும் வாடிக்கையாளரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வரும்: இந்த இன்வாய்ஸ் எண்ணுக்கு நூல் வாங்கிய பில், நெசவுப் பதிவு, தையல் பதிவு, கூலிப் பட்டியல் எல்லாம் இரண்டு வாரத்தில் அனுப்புங்கள். எதற்கென்று பெரும்பாலும் சொல்லமாட்டார். அவருக்கே காரணம் தெரியாமல் இருக்கலாம். புகார் கொடுத்தவர் யார் என்பது வெளியே வராது. புகார் கொடுத்தவருக்கும் முடிவு என்ன ஆனது என்று விவரமாகச் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் ஒரு நிறுவனத்தின் வணிக ரகசியத்தை அதிகாரிகள் வெளியிடுவது அங்கே குற்றம்.

அபராதம் விழுவது இறக்குமதியாளர் மேல். கவனக்குறைவு என்றால் அரசு இழந்த வரியைப்போல் இரண்டு மடங்கு வரை, கடுமையான கவனக்குறைவு என்றால் நான்கு மடங்கு வரை, மோசடி என்றால் சரக்கின் உள்நாட்டு மதிப்பு முழுவதும் போகலாம். விசாரணை தொடங்கும் முன் தானாகவே தவற்றைச் சொல்லிவிட்டால் வெகுவாகக் குறையும். 2025 ஜூலை 31-இல் வந்த அதிபர் ஆணை, வரியிலிருந்து தப்ப வேறு நாட்டு வழியாக அனுப்பிய சரக்குக்கு 40 சதவீத வரி என்று தனியாக ஒன்றை வைத்தது. வரி விகிதங்கள் அடிக்கடி மாறுபவை, ஆணைகளும் அப்படியே. சரக்கு எந்த நாட்டைச் சேர்ந்தது என்ற கேள்வி மட்டும் மாறாது. இழப்பு இறக்குமதியாளருக்கு என்றாலும் அடுத்த ஆர்டர் யாருக்குப் போகாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

துணிக்கு எது சொந்த நாடு?

பலர் தடுக்கி விழும் இடம் இது. ‘இங்கேதான் வெட்டினோம், இங்கேதான் தைத்தோம், அதனால் இந்தியத் தயாரிப்பு’ என்பது பொதுவான நம்பிக்கை. சட்டைக்கு அது பெரும்பாலும் சரியாக வரும், பல துண்டுகளை இணைத்துத் தைக்கும் நாடே அங்கே கணக்கு. பருத்தித் துண்டு, பருத்திப் படுக்கை விரிப்பு போன்ற வீட்டுத் துணிகளுக்கு அமெரிக்க விதி வேறு. அவற்றின் மூல நாடு துணி நெய்யப்பட்ட நாடுதான். ஓரம் மடித்துத் தைப்பது, லேபிள் வைப்பது, மடித்துப் பெட்டியில் போடுவது எதுவும் அதை மாற்றாது.

ஓர் உதாரணம். அவசர ஆர்டர் ஒன்று. உள்ளூர்த் தறிகளில் இடமில்லை. சீனாவிலிருந்து வந்த பருத்தித் துணியை வாங்கி, சேலத்தில் வெட்டித் தைத்து, ‘மேட் இன் இந்தியா’ லேபிளோடு அனுப்புகிறார்கள். ஏமாற்றும் எண்ணமே இல்லாமல் இருக்கலாம். ஆனால் அமெரிக்க விதிப்படி அது சீனச் சரக்கு. லேபிள் தவறு, வரி தவறு. அந்தத் துணியின் பருத்தி சிஞ்சியாங் பகுதியைச் சேர்ந்தது என்றால் இன்னும் சிக்கல். 2022 ஜூன் 21 முதல் நடைமுறையில் உள்ள உய்குர் கட்டாய உழைப்புத் தடுப்புச் சட்டப்படி, அந்தப் பகுதிப் பொருள் எதுவும் கட்டாய உழைப்பில் உருவானது என்றே முதலில் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது இறக்குமதியாளர் பொறுப்பு.

நேர்மாறான சிக்கலும் உண்டு, சேலத்தில் அதுதான் அதிகம் வரக்கூடியது. எல்லாமே இங்கே நெய்ததுதான், ஆனால் காட்டக் காகிதம் இல்லை. நம் விசைத்தறித் தொழில் பல கைகளில் பிரிந்து கிடக்கிறது. நூல் ஒருவர் வாங்குவார், சைசிங் மில்லில் (நூலுக்குக் கஞ்சி போடும் இடத்தில்) பாவு ஓடும், கூலிக்கு நெய்பவர் பத்து இருபது இடத்தில் இருப்பார், சாயம் இன்னொரு பட்டறை, தையல் வேறொருவர். ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு டெலிவரி சலான் இருக்க வேண்டும், பல இடத்தில் இருக்காது. இருந்தாலும் அதில் எந்த ஆர்டருக்கானது என்று எழுதியிருக்காது. ஜி.எஸ்.டி.க்காகப் பில் சரியாக இருக்கும், ஆனால் இந்த நூல்தான் இந்தத் துண்டாக மாறியது என்று இணைத்துக் காட்ட முடியாது.

அதிகாரி கேட்பது அந்த இணைப்பைத்தான். அதனால் ஓர் ஆர்டருக்கு ஒரே எண்ணைக் கொடுத்து, நூல் பில்லிலிருந்து பேக்கிங் லிஸ்ட் வரை எல்லாவற்றிலும் அதை எழுதுவது போதுமான தொடக்கம். தறிக்காரர் வைத்திருக்கும் கூலி நோட்டில் தேதி, மீட்டர், ஆர்டர் எண் மூன்றும் இருந்தால் அதுவும் ஆதாரம்தான். விலை உயர்ந்த சாஃப்ட்வேர் எல்லாம் வேண்டியதில்லை. கேட்ட பிறகு உட்கார்ந்து எழுதிய பதிவை அனுபவமுள்ள அதிகாரி பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவார்: ஒரே மை, ஒரே கையெழுத்து, ஞாயிற்றுக்கிழமையும் தீபாவளியும்கூட உற்பத்தி.

இன்னும் சில கதவுகள்

இ-அலிகேஷன்ஸ் திறந்த கதவு. அதைத் தவிர கனமான வழிகளும் உள்ளன. 2016 பிப்ரவரியில் கையெழுத்தான சட்டத்தின் ஒரு பகுதியான ‘ஈ.ஏ.பி.ஏ.’ முறையில், பொருள்குவிப்புத் தடுப்பு வரியிலிருந்து தப்புவதைப் பற்றி அந்தத் தொழிலில் சம்பந்தப்பட்டவர்கள் மட்டும் புகார் தரலாம். பெயரை மறைக்க முடியாது. அதற்கு ஈடாக, அதிகாரிகளுக்குக் காலக்கெடு உண்டு: ஏற்று விசாரணை தொடங்க 15 வேலை நாள், இடைக்கால நடவடிக்கை குறித்து முடிவெடுக்க 90 நாள், இறுதி முடிவுக்கு 300 நாள். அரசை ஏமாற்றுபவர்களுக்கு எதிரான பொய் உரிமைகோரல் சட்டத்தின் கீழ் தனிநபரே அரசின் சார்பில் வழக்குப் போடலாம், வென்றால் வசூலான தொகையில் 15 முதல் 30 சதவீதம் வரை கிடைக்கும். சுங்கச் சட்டத்திலேயே தகவல் தந்தவருக்கு வசூலில் 25 சதவீதம் வரை, அதிகபட்சம் இரண்டரை லட்சம் டாலர் வெகுமதி என்ற ஏற்பாடும் உண்டு. புகார்கள் ஏன் குறைவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மலை மேல் போனால் நிலைமை தலைகீழ்

ஏற்காட்டுத் தோட்டங்களில் காபிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். காபி விலை கைவிடும் ஆண்டில் மிளகுதான் கைகொடுக்கும். இங்கே விவசாயி குற்றம்சாட்டப்படுபவர் அல்ல, புகார் கொடுக்கும் இடத்தில் இருப்பவர்.

காரணம் புரிய மூன்று எண்கள் போதும்:

1. மிளகுக்கு இந்தியாவின் பொது இறக்குமதி வரி 70 சதவீதம்.

2. 2000 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள இந்திய-இலங்கைத் தடையற்ற வர்த்தக உடன்பாட்டின்படி ஆண்டுக்கு 2,500 டன் வரை இலங்கை மிளகு வரியில்லாமல் வரலாம்.

3. கிலோ 500 ரூபாய்க்குக் குறைவான விலையில் மிளகு இறக்குமதி செய்யக்கூடாது என்று 2017 டிசம்பரில் குறைந்தபட்ச விலை வைத்தார்கள். 2018 மார்ச்சில் அதற்குக் கீழான இறக்குமதியையே தடைசெய்தார்கள். ஏற்றுமதிக்காகவே இயங்கும் நிறுவனங்களுக்கும் சிறப்புப் பொருளாதார மண்டலங்களுக்கும் பின்னர் விலக்கு தரப்பட்டது.

உலகில் மிக அதிகமாக மிளகு விளைவிக்கும் நாடு வியட்நாம். அந்த மிளகு கொழும்பு வந்து, சாக்கு மாறி, இலங்கைச் சான்றிதழோடு இந்தியா வந்தால் 70 சதவீதம் பூஜ்யமாகிவிடும். சுத்தம் செய்து சாக்கு மாற்றினால் மட்டும் ஒரு பொருள் இலங்கைப் பொருள் ஆகாது, உடன்பாடு அதை ஏற்காது. தென்னிந்திய மிளகு விவசாயிகள் பல ஆண்டாகச் சொல்லிவரும் குறை இதுதான்.

500 ரூபாய் விதி வந்ததும் இன்னொரு வினோதம் சேர்ந்தது. சாதாரணமாகச் சுங்க மோசடி என்றால் விலையைக் குறைத்துக் காட்டுவார்கள். இங்கே, உலக விலை 500-க்குக் கீழே இருக்கும் காலத்தில், விலையைக் கூட்டிக் காட்டினால்தான் சரக்கு உள்ளே வரும். வரி பூஜ்யம் என்றால் கூட்டிக் காட்டுவதற்குச் செலவும் இல்லை. அதிகப்படிப் பணம் வேறு வழியில் திரும்பிவிடும். அதனால் ‘இன்வாய்ஸ் விலை சரியாகத்தானே இருக்கிறது’ என்பது இந்த விஷயத்தில் பதிலே அல்ல.

இதைப் பிடிக்க இப்போது கருவி உண்டு. 2020-இல் சுங்கச் சட்டத்தில் 28டி.ஏ. என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அதையொட்டி, வர்த்தக உடன்பாட்டுச் சலுகை கேட்கும் சரக்கின் மூல நாட்டைச் சரிபார்க்கும் ‘கேரோட்டார்’ விதிகள் 2020 செப்டம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன்பு மூல நாட்டுச் சான்றிதழை நீட்டினால் போதும். இப்போது, பொருள் அந்த நாட்டில்தான் உருவானது என்பதற்கான விவரங்களை இறக்குமதியாளரே வைத்திருக்க வேண்டும், ஐந்து ஆண்டு பாதுகாக்க வேண்டும். அதிகாரி கேட்டால் பத்து வேலை நாளில் தர வேண்டும். தராவிட்டால் சலுகை வரியை மறுக்கலாம், ஏற்றுமதி செய்த நாட்டு அதிகாரிகளிடம் சரிபார்க்கவும் கேட்கலாம்.

பயன்படும் புகார், பயன்படாத புகார்

இந்தியாவில் இத்தகைய தகவலைச் சுங்க அலுவலகங்களும், 1957-இல் தொடங்கிய வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகமும் பெறுகின்றன. தகவல் தந்தவரின் அடையாளம் காக்கப்படும். வருவாய் அதிகாரியிடம் ‘உனக்கு யார் சொன்னது’ என்று நீதிமன்றத்தில்கூடக் கட்டாயப்படுத்திக் கேட்க முடியாது என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, புதிய சாட்சியச் சட்டத்திலும் அது தொடர்கிறது. வெகுமதி அதிகபட்சம் 20 சதவீதம். அது கருணைத் தொகை, உரிமையாகக் கேட்க முடியாது.

‘கொழும்பு வழியாகக் கள்ள மிளகு வருகிறது, நடவடிக்கை எடுங்கள்’ என்ற மனு எல்லாரும் கையெழுத்துப் போடக்கூடியது, யாரும் விசாரிக்க முடியாதது. கொள்கை மாற்றத்துக்கு அமைச்சரிடம் கொடுக்க அது சரி. விசாரணைக்கு வேறு வேண்டும். எந்தத் துறைமுகம், ஏறத்தாழ எந்தத் தேதி, இறக்குமதியாளர் யார், சரக்கு எந்தக் கிடங்குக்குப் போனது, நீங்கள் சொல்லும் மீறல் மூல நாட்டைப் பற்றியதா விலையைப் பற்றியதா, இது உங்களுக்கு எப்படித் தெரியும். கடைசிக் கேள்விக்கு நேர்மையான பதில் முக்கியம். நேரில் பார்த்ததையும் கேள்விப்பட்டதையும் பிரித்து எழுதினால் அதிகாரிக்கு வேலை எளிது, உங்களுக்கும் பாதுகாப்பு. தெரிந்தே பொய்த் தகவல் தருவது தனிக் குற்றம்.

பலருக்குத் தெரியாத ஒரு கண்ணி இதில் உண்டு. 2022-இல் சுங்கச் சட்டத்தில் 135ஏ.ஏ. என்ற பிரிவு வந்தது. சுங்கத்தில் தாக்கலான ஓர் இறக்குமதி அல்லது ஏற்றுமதியின் மதிப்பு, வகைப்பாடு, அளவு, அல்லது அதைச் செய்தவரின் விவரம் இவற்றை, சம்பந்தப்பட்டவரின் அனுமதியோ சட்டத் தேவையோ இல்லாமல் வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். துறைமுகத்தில் தெரிந்த ஆள் மூலம் கிடைத்த பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிக்காகச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் ஆவணம்) நகலை அதிகாரியிடம் கொடுப்பது தகவல் தருவது. அதையே விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் ‘பாருங்கள் இந்த அநியாயத்தை’ என்று போட்டால் வெளியிட்டதாகிவிடும். மோசடி செய்தவர் விசாரணையில் இருக்க, அம்பலப்படுத்தியவர் வழக்கில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. இந்தப் பிரிவு தேவைக்கு மேல் அகலமாக எழுதப்பட்டிருக்கிறது என்பது என் கருத்து. ஆனாலும் அது மாறும் வரை, அந்த நகல் போக வேண்டிய இடம் அதிகாரியின் மேசை மட்டுமே.